கவருக்குள் இருந்த கொசு

என் போனைத் திறந்தால் சொந்தக்காரர் கல்யாணப் படங்களைவிடக் கொசுப் படங்கள்தான் அதிகம். பக்கவாட்டில் ஒரு கொசு, மேலிருந்து ஒரு கொசு, ஸ்கேலுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடக்கிற ஒரு கொசு. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். உட்காரட்டும். இந்தப் படங்களில் முதலில் எடுத்தது ஒன்று இருக்கிறது. அது ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரியை வீட்டைவிட்டு அனுப்பப் பார்த்தது. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் தலைக்கேறுகிற நாளில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் பைனல் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். வண்டி இன்ஜினுக்குப் போகிற அலுமினியப் பீஸ்கள் என் மேஜைக்கு வரும். மேஜையில் பெரிய லென்ஸ் ஒன்று, அதைச் சுற்றி வட்டமாக விளக்கு. அதற்கடியில் ஒவ்வொன்றாகப் பிடித்து, கீறல், குழி, பிசிறு இருக்கிறதா என்று பார்த்து, நல்லதைத் தட்டிலும் கெட்டதைச் சிவப்புப் பெட்டியிலும் போட வேண்டும். கெட்டதைப் படம் எடுத்து, கெட்ட இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து, மூல காரணம் என்ன என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். அதற்காகவே எங்கள் செக்‌ஷனில் மட்டும் போன் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதல் நாளே சொல்வது இரண்டு விஷயம். கவருக்குள் இருக்கிற பீஸைப் பார்த்து முடிவு சொல்லாதே, பிரித்துப் பார். வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் உடனே கீறல் என்று குதிக்காதே, சாய்த்துப் பார். சாய்க்கும்போது கோடு நகர்ந்தால் அது விளக்கு வெளிச்சம். நகராமல் அங்கேயே நின்றால் கீறல். இதை எத்தனை பேரிடம், என்ன குரலில் சொல்லியிருக்கிறேன் என்று என் செக்‌ஷனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குரல் கொஞ்சம் பெரிசுதான். பரமக்குடிப் பக்கத்துக்காரி நான். எங்கள் ஊரில் வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் பேசிப் பழகிய தொண்டை, நாலடி தள்ளி நிற்கிறவரிடமும் அப்படியே வருகிறது.

வீடு ஜூஜுவாடியில். ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாக ஐந்து வீடு, மாடியில் வீட்டுக்காரம்மா. என் வீட்டுக்காரர் கிருஷ்ணகிரிக்காரர், ஒரு குடோனில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். ஐந்து வீட்டிலும் சேர்த்துத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். சண்டை மட்டும் அவரவருக்கு எது சுலபமோ அதில் நடக்கும். எனக்குத் தமிழ் ஒன்றே போதுமானதாக இருந்தது.

கடைசி வீட்டில் இருந்தவள் வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெண். ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், வயிறு தெரிய ஆரம்பித்ததும் நின்றுவிட்டாள். புருஷன் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. தலைப்பிள்ளை. அவள் வீட்டுக்குள் தண்ணீர் பிடித்து வைக்க இடம் கிடையாது. குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று குழாய்க்கே தெரியாது. அதனால் வாசலில் இரண்டு நீல டிரம் வைத்து நிரப்பிக்கொள்வாள். டிரம்மின் வாயில் பழைய சேலைத் துணியைக் கட்டியிருப்பாள். நான் வேலைக்குப் போகிற வழியில் அந்த டிரம்கள் நிற்கும். என் ஸ்கூட்டி கண்ணாடி அதில் இடிக்கும்போதெல்லாம் ஒரு முணுமுணுப்பு முணுமுணுத்துவிட்டுத்தான் போவேன். காம்பவுண்டுக்குப் பின்னால் என் கொடிக்கயிறு ஒன்று உண்டு. அதில் வேறு யாராவது துணி போட்டிருந்தாலும் அதே முணுமுணுப்புத்தான். என் கதை இவ்வளவுதான். நல்லவள் என்று யாரும் சொல்லியதில்லை, கெட்டவள் என்றும் சொல்லியதில்லை.

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்றால் சும்மா இல்லை, போர்வைக்குள் கிடந்து கட்டிலே ஆடியது. மூன்று டன் பாரத்தை ஒரு விரலால் தூக்கி வைக்கிறவர், ஒரு டம்ளர் கஞ்சியைத் தூக்க முடியாமல் கிடந்தார். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றார், முழங்கால் வலிக்கிறது என்றார், கஞ்சியில் உப்பு இல்லை என்றார். உப்பைப் பற்றிச் சொன்னதும் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. அந்த வாரம்தான் எங்கள் கம்பெனி கேன்டீனில் டெங்கு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கறுப்புக் கொசு, கால் முழுக்க வெள்ளைப் பட்டை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது அந்தக் கொசுவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இரண்டாம் நாள் பொழுது சாய்கிற நேரம். அவர் தலைமாட்டுச் சுவரில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. நல்ல பெரிசு. கறுப்பு. வயிற்றோரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ. வயிறு நிறையக் குடித்துவிட்டு அசையாமல் இருந்தது. அது யார் ரத்தம் என்று எனக்குத் தெரியாதா? அடிக்கக் கை போனது. ஆனால் பதினோரு வருஷம் கெட்ட பீஸை எடுத்து வைத்துப் பழகிய கை. சாம்பிள் இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது என்று அதற்குத் தெரியும். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, காலண்டர் தாளை அடியில் செருகி, கொசுவைக் கம்பெனி பிளாஸ்டிக் கவர் ஒன்றுக்குள் தள்ளி மூடினேன். சின்ன பீஸ்களைப் போட்டு அனுப்புவோமே, அந்தக் கவர்.

மறுநாள் அவரைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காலை ஷிப்டுக்குப் போனேன். டீ நேரத்தில் எல்லாரும் எழுந்து போனதும் கவரை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தேன். கொசு செத்திருந்தது. கவரைப் பிரிக்கவில்லை. பிரிக்கவும் முடியாது. மேலே ஃபேன் சுற்றுகிறது, பக்கத்தில் தட்டு நிறைய ஓகே ஆன பீஸ்கள். எங்கள் மேஜையில் ஒரு தலைமுடி விழுந்தாலே வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து புகார் வரும். கொசுக் கால் ஒன்று உள்ளே போய்விட்டால் என் வேலை போய்விடும். அதனால் கவரோடு வைத்துப் பார்த்தேன். லென்ஸில் அது சிட்டுக்குருவி அளவுக்குத் தெரிந்தது. கால்களில் வரிசையாக வெள்ளைப் பட்டைகள். ஒன்று, இரண்டு, மூன்று. போஸ்டரில் இருந்த அதே கழுதைதான்.

லென்ஸ் வழியாகவே படம் எடுத்தேன். விரல் தானாகவே வேலையைச் செய்தது. பட்டைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஒரு அம்புக்குறி. கீழே எழுதினேன்: டெங்கு கொசு, என் வீட்டுக்குள் பிடித்தது. மூல காரணம் என்கிற வரி வந்தது. அந்த வரியைக் காலியாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. கடைசி வீட்டு வாசலில் உள்ள தண்ணீர் டிரம் என்று எழுதி, காம்பவுண்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். போட்ட கையோடு மனசு லேசானது. பயத்தை யார் தலையிலாவது கட்டிவிட்டால் அப்படித்தான் லேசாகும் போலிருக்கிறது.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைவதற்குள் காரியம் முடிந்திருந்தது. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, கடைசி வீட்டு ஆட்களை ஞாயிற்றுக்கிழமையோடு காலி பண்ணச் சொல்லியிருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. அந்தம்மாவின் சொந்தத் தம்பி மகளை டெங்குவில் கொண்டுபோய்ப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்தப் பயம். டிரம்மை எடுத்தால் போதாதா என்று மற்ற வீட்டுக்காரர்கள் கேட்டதற்கு, டிரம் இல்லாமல் அவர்கள் எப்படிக் குடித்தனம் பண்ணுவார்கள், இன்றைக்கு எடுத்து நாளைக்கு வைப்பார்கள் என்று சொல்லிவிட்டாளாம். போட்டோ இருக்கிறது, நம்ம இன்ஸ்பெக்‌ஷன் பொண்ணே எடுத்தது என்று எல்லாரிடமும் போனைக் காட்டினாளாம்.

நான் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தபோது கடைசி வீட்டுப் பெண் வந்து வாசலில் நின்றாள். ஏழு மாத வயிறு. நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

“அக்கா, வயித்துல புள்ளையோட வூடு மாறக் கூடாதுன்னு எங்க அத்த சொல்லுது. எங்க பக்கம் யாரும் மாற மாட்டாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா வூட்டுக்காரம்மா கேக்கும்” என்றாள்.

அந்த வழக்கம் எனக்குத் தெரியாததில்லை. எங்கள் பக்கமும் அப்படித்தான். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். வீடு மாறுவது என்றால் பேச்சே கிடையாது. ஆனால் உள்ளே அவர் முனகிக்கொண்டு கிடந்தார். எனக்குக் காது அடைத்துப் போயிருந்தது.

“உன் புள்ள உனக்குப் பெருசு. என் புருஷன் எனக்குப் பெருசு. டிரம்ம வாசல்ல வைக்கும்போது இத யோசிச்சிருக்கணும்” என்று சொல்லிவிட்டேன்.

அவள் நிலையிலிருந்து கையை எடுத்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அப்படி அவள் திரும்பிப் போனது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

காய்ச்சல் வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்திருந்தோம். மறுநாள் அதன் ரிசல்ட் வந்தது. டெங்கு இல்லை. சாதாரணக் காய்ச்சல், மழைக்கு எல்லாருக்கும் வருவதுதான், கஞ்சியும் தூக்கமும் போதும் என்று டாக்டர் சொன்னார். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு உலகத்தில் ஒருவர்மீதும் கோபமில்லை. ஆனால் கடைசி வீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட எனக்குத் தோன்றவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அவருக்குத்தான் தோன்றியது. ஆட்டோவில் வரும்போதே, எனக்கு டெங்கு இல்லைன்னு அந்தப் பொண்ணு வூட்ல சொல்லிட்டியா என்று கேட்டார். உங்களுக்கு இல்லை, கொசு கொசுதானே, அடுத்து யாரைக் கடிக்கும் என்று நான் திருப்பிக் கேட்டேன். இரண்டு நாளில் குரல் கொஞ்சம் தேறியிருந்தது அவருக்கு.

“நீ இன்னா கொசு டாக்டரா? வெள்ளையா கோடு தெரிஞ்சா ரிஜெக்ட் பண்ண அது உன் அலுமினியப் பீஸா?” என்றார்.

சுருக் என்றது. காய்ச்சல்காரர் என்பதால் விட்டேன். ஆனால் அவர் வாயை அடைக்க வேண்டும் என்கிற வெறி வந்துவிட்டது. பூச்சிகளைப் படம் எடுத்துப் போட்டால் இன்னது என்று அடையாளம் சொல்கிற ஒரு பக்கம் இணையத்தில் இருப்பதை, எங்கள் செக்‌ஷனில் ஒருத்தி பல்லியிலிருந்து பூரான் வரைக்கும் படம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும். அதில் என் படத்தைச் சிவப்பு வட்டத்தோடு போட்டு, இது டெங்கு கொசுதானே என்று கேட்டேன். தானே என்று நான் போட்டதிலேயே தெரிந்திருக்கும், நான் கேள்வி கேட்கவில்லை, கையெழுத்து வாங்க வந்திருக்கிறேன் என்று.

யார் எவர் என்று தெரியாத ஒருவரிடமிருந்து சனிக்கிழமை காலையில் தமிழிலேயே பதில் வந்தது. கொசு கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, ஊசி வாய் கீழ்நோக்கி வளைந்திருப்பது போலவும் இருக்கிறது, டெங்கு கொசுவுக்கு வாய் அப்படி வளைந்திருக்காது என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி. படம் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து எடுத்ததா, காலில் தெரிவது பட்டையா அல்லது பளபளப்பா என்று சந்தேகமாக இருக்கிறது, கவரை விட்டு வெளியே எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் ஒன்றும் மேலிருந்து ஒன்றும் எடுத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து அனுப்ப முடியுமா?

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டாம். வெளிச்சத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறார் ஒரு மனுஷர். பளபளப்பு எது, கீறல் எது என்று இந்தத் தொழிற்பேட்டையில் என்னைவிட யாருக்குத் தெரியும்? பழைய கொசுவுக்குக் காலெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. சரி, புதிதாகவே பிடித்து முகத்துக்கு நேராகக் காட்டுகிறேன் என்று அன்று பொழுது சாயும் நேரத்தில் டம்ளரோடு சுவர் சுவராக அலைந்தேன். இரண்டு கிடைத்தன. அதே பெரிசு, அதே கறுப்பு, அதே திமிர். ஒரு சின்ன டப்பாவில் போட்டு ப்ரீஸரில் வைத்தேன். அவர் ஐஸ் எடுக்கப் போய் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, காய்ச்சல் இறங்கிய தெம்பில் ஒரு சத்தம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல் திண்டில் வெள்ளைத் தாளை விரித்து, கொசு ஒன்றை எடுத்து வைத்தேன். ப்ரீஸரில் இருந்து வந்தது ஒரு கால்கூட மடங்காமல் அழகாக இருந்தது. பொருட்காட்சியில் வாங்கிய சின்ன லென்ஸ் ஒன்று வீட்டில் கிடந்தது. குனிந்து பார்த்தேன்.

கால்கள் கறுப்பாக இருந்தன. ஒரு பட்டைகூட இல்லை. தாளை அப்படித் திருப்பினேன், இப்படித் திருப்பினேன். கறுப்பு. வயிற்றோரத்தில் மட்டும் வெள்ளைத் திட்டுகள் உண்மையாகவே இருந்தன. வாய் ஊசி, அந்த மனுஷர் சொன்னபடி, கீழே வளைந்திருந்தது. கொசு மாறிப் போயிருக்கும் என்று நினைத்தேன். இன்னொன்றை எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே.

வேறு வழியில்லாமல் அந்தப் பழைய கவரைத் தேடி எடுத்தேன். உள்ளே கொசு நொறுங்கிக் கிடந்தது. போனில் டார்ச்சைப் போட்டு அதன்மேல் காட்டினேன். வெள்ளைப் பட்டைகள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம், புதிதாக வருகிறவர்களிடம் எத்தனையோ முறை நான் கத்தியதை நானே செய்தேன். கவரைச் சாய்த்தேன்.

பட்டைகள் நகர்ந்தன. கொசுவை விட்டு விலகி, கவரின் வெறும் மூலைக்குப் போய் அங்கே நின்றன. கவரில் விழுந்திருந்த மடிப்புகள். அந்த மடிப்பில் விழுந்த என் விளக்கு வெளிச்சம். அதைச் சுற்றித்தான் நான் சிவப்பு வட்டம் போட்டிருந்தேன்.

முகத்தில் யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. பிறகு படங்களை எடுத்தேன். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, ஸ்கேலோடு ஒன்று. வட்டமும் போடவில்லை, அம்புக்குறியும் வைக்கவில்லை. இது என்ன என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

மத்தியானம் பதில் வந்தது. படத்தை மட்டும் வைத்துச் சத்தியம் பண்ண முடியாது, ஆனால் இந்த வளைந்த வாயும் இந்த அளவும் வயிற்றோரத் திட்டும் பார்த்தால் இது சாக்கடை, செப்டிக் டேங்க் மாதிரி அழுக்குத் தண்ணீரில் வளர்கிற வகை, பொழுது சாயும்போது கூட்டமாகக் கிளம்பும், கடி பலமாக இருக்கும், டெங்கு பரப்புகிற கொசு இது இல்லை என்று எழுதியிருந்தார். மூடி வைத்த நல்ல தண்ணீரில் இது வராது, வீட்டுக்குப் பின்னால் எங்கேயாவது டேங்க் திறந்திருக்கிறதா பாருங்கள் என்றும், எப்படியானாலும் தண்ணீரை எல்லாரும் மூடியே வையுங்கள் என்றும் சேர்த்திருந்தார். மூடி வைத்த நல்ல தண்ணீர். சேலைத் துணி கட்டிய அந்த நீல டிரம்கள் கண் முன்னால் வந்து நின்றன.

வெளியே எட்டிப் பார்த்தேன். கடைசி வீட்டு வாசலில் மூட்டைகள். அத்திப்பள்ளியில் ஏதோ ஒரு அறை பார்த்திருக்கிறார்கள், இருட்டுவதற்கு முன்னால் டெம்போ வருகிறது என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னாள். அந்தப் பெண்ணிடம் போவதற்கு முன்னால் வீட்டுக்காரம்மாவிடம் போனேன். அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை அவள் வாயாலேயே திரும்பினால்தான் நிற்கும். படத்தைக் காட்டினேன். அவள் நம்பவில்லை. அன்றைக்கு நீதானே சொன்னாய், இன்றைக்கும் நீதானே சொல்கிறாய், எதை நம்புவது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. படமெல்லாம் வேண்டாம், என்னோடு பின்னால் வாருங்கள், கண்ணாலேயே பாருங்கள் என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனேன்.

அது வெயில் இறங்குகிற நேரம். காம்பவுண்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்க் மேல் கல் சரியாகத்தான் மூடியிருந்தது. அதிலிருந்து மேலே போகிற காற்றுக் குழாய் மட்டும் சாய்ந்திருந்தது. சாய்ந்ததில் அடியில் சிமெண்ட் பெயர்ந்து, இரண்டு விரல் போகிற அளவு வாய் திறந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அந்த வாயிலிருந்து புகை மாதிரி அவை கிளம்பின. ஒன்று வீட்டுக்காரம்மாவின் கையில் உட்கார்ந்தது. பெரிசு, கறுப்பு, வயிற்றோரத்தில் வெள்ளை. அவள் கன்னடத்தில் என்னவோ சொல்லிக்கொண்டு பட்டென்று அடித்தாள்.

எங்கள் கம்பெனியில் மூல காரணம் கண்டுபிடிக்க ஐந்து தடவை ஏன் என்று கேட்கச் சொல்வார்கள். கொசு ஏன் வந்தது, டேங்கில் ஓட்டை. ஓட்டை ஏன் வந்தது, குழாய் சாய்ந்தது. குழாய் ஏன் சாய்ந்தது என்று கேட்கும்போதே என் கண் குழாயோடு மேலே போனது. குழாயின் கழுத்தில் ஒரு பச்சை நைலான் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. மறுமுனை என் ஜன்னல் கம்பியில். நடுவில் என் வீட்டுக்காரரின் இரண்டு ஜீன்ஸும், காய்ச்சலில் அவர் வியர்த்து நனைத்த கனமான ஜமுக்காளமும் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தன. வேறு யாரும் துணி போடக் கூடாது என்று நான் காவல் காத்த கயிறு. வீட்டுக்காரம்மாவும் கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஏனம்மா, இது உன் கயிறுதானே?” என்றாள்.

“என் கயிறுதாம்மா. தப்பு என்னோடது. அந்தப் பொண்ணு டிரம்முல ஒண்ணும் இல்ல” என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. பெருமூச்சு ஒன்று விட்டாள். அவளுக்கும் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஏழு மாதக்காரியை அனுப்பிவிட்டு எப்படித் தூங்குவது என்று மூன்று நாளாகச் சாப்பாடே இறங்கவில்லை என்று சொன்னாள். நாளைக்கே கொத்தனாரை வரச்சொல்லுகிறேன், முதலில் உன் ஜமுக்காளத்தை அவிழ் என்றாள். குழுவில் நீயே எழுது என்றும் சொன்னாள். அங்கேயே நின்று எழுதினேன். குழாயின் படம், வாய் திறந்த இடத்தில் சிவப்பு வட்டம், கயிற்றைக் காட்டி அம்புக்குறி. மூல காரணம்: என் கொடிக்கயிறு. பதினோரு வருஷத்தில் அவ்வளவு சரியாக ஒரு ரிப்போர்ட் நான் எழுதியதில்லை.

வீட்டுக்காரம்மா முன்னால் நடந்தாள், நான் பின்னால். கடைசி வீட்டு வாசலில் டெம்போ வந்து நின்றிருந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் ஒரு டிரம்மைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான். கொட்ட வேண்டாம் என்று வீட்டுக்காரம்மா தெலுங்கில் சொன்னாள். எங்கும் போக வேண்டாம், பிள்ளை இங்கேயே பிறக்கட்டும் என்று சொன்னது எனக்கே புரிந்தது. அவன் டிரம்மை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பாதி டிரம் தண்ணீர் மிச்சமிருந்தது. எட்டிப் பார்த்தேன். அடி வரை தெரிந்தது, ஒரு தூசுகூட இல்லை.

அந்தப் பெண் வாசற்படியில் இருந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கவர், மடிப்பு, வெளிச்சம், கயிறு, எதையும் விடவில்லை. நான் உன்னிடம் பேசியது பேச்சே இல்லை என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அக்கா, நீங்க ஒரு தடவ துணிய எடுத்துட்டு டிரம்முக்குள்ள பாத்திருக்கலாம் இல்ல” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

குனிய முடியாத அவளுக்குப் பதிலாக மூட்டைகளை நான் அவிழ்க்கட்டுமா என்று மட்டும் கேட்டேன். சரி என்று தலையை ஆட்டினாள். பாத்திர மூட்டை, துணி மூட்டை, அரிசி, சாமி படங்கள். ஒவ்வொன்றாக அவிழ்த்து அவள் சொன்ன இடத்தில் வைத்தேன். டெம்போக்காரன் ஹாரன் அடித்துவிட்டுக் காலியாகத் திரும்பிப் போனபோது, அந்த வீட்டில் இருந்த எல்லாருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வந்தது.

கடைசி மூட்டையில் பழைய சேலைக்குள் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் ஒன்று இருந்தது. கவர் வாயைத் திறந்ததும் குடை மாதிரி பட்டென்று பாதி விரிந்தது. கைக்குழந்தைக்கு மேலே கவிழ்த்து வைக்கிற கொசுவலை, ரோஸ் நிறம். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் எதையும் வாங்கக் கூடாது என்பார்கள். அந்த வீட்டில் ஒரு சட்டை இல்லை, ஒரு கிலுகிலுப்பை இல்லை. வழக்கத்தை மீறி அவள் வாங்கி வைத்திருந்தது அது ஒன்றுதான்.

“எனக்கும் கொசுன்னா பயம்தான்க்கா. அத்தைக்குச் சொல்லாதீங்க. நீங்க கம்பெனியில பாக்குற மாதிரி இதப் பாத்துச் சொல்லுங்க, ஓட்ட கீட்ட இருக்கா?” என்றாள்.

வலையைக் கவரிலிருந்து முழுசாக வெளியே எடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, சாய்த்து, திருப்பி, ஒரு கண்ணி விடாமல் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்த மாதிரி நான் எந்தப் பீஸையும் பார்த்ததில்லை. அவளும் புருஷனும் வீட்டுக்காரம்மாவும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு ஓட்டையும் இல்லம்மா” என்றேன்.